கம்பியில் பழுதில்லை, இணைப்பும் இல்லை
கணிப்பொறியின் கெர்னல் நிர்ணயங்களும் வலைத்தொடர்புக் கோளாறுகளும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, கோவளத்தை அடுத்துள்ள விழிஞ்ஞம், ஆய் மன்னர்கள் காலந்தொட்டே துறைமுகமாக விளங்கி வரும் ஊராகும். இங்குள்ள குடா தரும் பாதுகாப்பினால், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அண்டைக் கிராமங்களின் படகுகளும் இவ்விடத்தை நாடி வருகின்றன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் ஒன்று இங்குப் பணியாற்றி வருகிறது. 2025-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் இவ்வூரில் பன்னாட்டுத் துறைமுகம் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. இத்தகைய ஊரில் கடல்நிலை அறிவிப்பைப் பெறுவதும், கரைசேர்ந்த மீனின் கணக்கைத் தலைமை நிலையத்திற்கு அனுப்புவதும், பள்ளி மாணவர்க்குப் பாடங்களைக் காட்டுவதும் இன்று கணிப்பொறி வலைத்தொடர்பை நம்பியே நடைபெறுகின்றன.

அத்தொடர்பு தடைப்படும்போது கள ஊழியரும் ஆசிரியரும் செய்வது என்ன? முதலில் கம்பியைப் பிடுங்கிச் செருகுகிறோம். அடுத்து ரூட்டரை நிறுத்தி மீண்டும் இயக்குகிறோம். பின்னர் இணைப்பு வழங்கும் நிறுவனத்திற்குப் புகார் அளிக்கிறோம். பல வேளைகளில் இவற்றால் பயன் கிட்டுவதும் உண்டு. ஆயினும் கம்பியில் பழுதில்லை, விளக்குகள் ஒழுங்காக எரிகின்றன, பக்கத்து அறைக் கணிப்பொறி தடையின்றி இயங்குகிறது, நம் கணிப்பொறியில் மட்டும் பக்கம் திறப்பதில்லை என்ற நிலையும் ஏற்படுகிறது. அப்பொழுது ஐயுற வேண்டிய இடம் ஒன்று எஞ்சியுள்ளது. அது கணிப்பொறியின் உள்ளேயே இருக்கிறது. அவ்விடத்தைப் பற்றியும், அதனை முறைப்படி சோதிக்கும் வழியைப் பற்றியும் இங்கே காண்போம்.

கெர்னல் என்பது யாது?

ஆங்கிலத்தில் ‘கெர்னல்’ என்ற சொல் விதையின் உள்ளிருக்கும் பருப்பைக் குறிக்கும். கணிப்பொறியை இயக்கும் மென்பொருளின் மிக உட்பகுதிக்கும் அப்பெயரே வழங்குகிறது. தமிழில் இதனைக் கருநிரல் எனலாம். நாம் திரையில் கையாளும் உலாவியோ, அஞ்சல் செயலியோ வலைத்தொடர்பைத் தானே நடத்துவதில்லை. ‘இத்தகவலை இன்ன முகவரிக்கு அனுப்புக’ என்று அது கருநிரலிடம் கேட்டுக் கொள்கிறது. தகவலைச் சிறு பொட்டலங்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றுக்கும் எண்ணிடுவது, மறுமுனையிலிருந்து ஒப்புகை வருகிறதா என்று பார்ப்பது, வராவிடில் மீண்டும் அனுப்புவது ஆகிய வேலைகள் யாவும் கருநிரலைச் சார்ந்தவை. பதிவுத் தபால் அனுப்பிவிட்டு ஒப்புகைச் சீட்டுக்காகக் காத்திருக்கும் அலுவலகத்திற்கு இதனை ஒப்பிடலாம். ‘டி.சி.பி.’ எனப்படும் நெறிமுறையின் அடிப்படைத் தத்துவம் இதுவே.

ஒப்புகைக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது? எத்தனை முறை மீண்டும் முயல்வது? ஒரே வேளையில் எத்தனை இணைப்புகளை ஏற்பது? இக்கேள்விகளுக்கெல்லாம் கருநிரலில் முன்கூட்டியே எண்கள் நிர்ணயிக்கப்பட்டுள்ளன. இவற்றையே கெர்னல் நிர்ணயங்கள் என்கிறோம்.

1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரல் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இருப்பதும் அதுவே. கேரளத்துப் பள்ளிகளுக்கு இதில் தனிச் சிறப்புண்டு. ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும், 2017-இல் அதன் வழி உருவான ‘கைட்’ நிறுவனமும் லினக்ஸைச் சார்ந்த கட்டற்ற மென்பொருளையே பள்ளிகளில் பரப்பின. ஆகவே கருநிரலின் நிர்ணயங்களைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு இங்குள்ள ஆசிரியர்க்கு வகுப்பறையிலேயே கிடைத்திருக்கிறது. லினக்ஸில் ‘ப்ராக்’ என்னும் அடைவினுள் ‘சிஸ்’ என்ற உள்ளடைவில் இவை கோப்புகளைப் போலக் காட்சி தரும். ‘சிஸ்-சி-டி-எல்’ என எழுத்தெழுத்தாக உச்சரிக்கப்படும் கட்டளையினால் இவற்றைப் படிக்கவும் மாற்றவும் இயலும்.

கம்பியை மாற்றாமல் தீர்ந்த நெருக்கடி

நிர்ணயங்களும் கணக்கீட்டு முறைகளும் எத்துணை முக்கியமானவை என்பதை உலகம் 1986-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உணர்ந்தது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடையேயுள்ள தொலைவு ஏறக்குறைய 400 கெஜம் மட்டுமே. அவற்றை இணைத்த தடத்தில் வினாடிக்கு 32,000 பிட் என்ற வேகத்தில் சென்ற தகவல், திடீரென வினாடிக்கு 40 பிட்டாகக் குறைந்துவிட்டது. அதாவது, முன்னிருந்த வேகத்தில் 800-இல் ஒரு பங்கே எஞ்சியது.

வான் ஜேக்கப்சன் என்னும் ஆராய்ச்சியாளரும் மைக்கேல் காரல்ஸும் இதன் காரணத்தை ஆராய்ந்தனர். தடத்தில் நெரிசல் ஏற்பட்டபோது ஒப்புகைகள் தாமதமாயின. ஒப்புகை வராததைக் கண்ட கணிப்பொறிகள் அதே பொட்டலங்களை மீண்டும் மீண்டும் அனுப்பின. அதனால் நெரிசல் மேலும் பெருகிற்று. குற்றம் கம்பியில் இல்லை. பொறுமையின்றி அனுப்பிய கணிப்பொறிகளின் கருநிரலில் இருந்தது. இதற்குப் பரிகாரமாக, முதலில் மெதுவாகத் தொடங்கி, ஒப்புகை வர வர அளவைக் கூட்டி, பொட்டலம் தொலைந்தால் உடனே அளவைக் குறைத்துக் கொள்ளும் முறை பெர்க்லி யூனிக்ஸின் கருநிரலில் சேர்க்கப்பட்டது. 1988-இல் இவ்வாய்வு வெளியிடப்பட்டது. இன்று நம் மேசைக் கணிப்பொறியும் அத்தத்துவத்தைப் பின்பற்றியே இயங்குகிறது.

தொலைவும் சாளரமும்

ஓரிடத்திற்குப் பொருந்தும் எண் மற்றோரிடத்திற்குப் பொருந்தாமல் போவதற்குத் தொலைவு ஒரு காரணமாகும். இதனை விளக்கக் கேரளக் கல்வித்துறை வரலாற்றிலேயே நல்ல எடுத்துக்காட்டு உள்ளது.

கல்விக்கென்றே அமைக்கப்பட்ட எடுசாட் செயற்கைக்கோள் 2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் ஏவப்பட்டது. அதன் துணையுடன் கேரளப் பள்ளிகளுக்காக அமைந்த ‘விக்டர்ஸ்’ வலைத்தொடர்பை, 2005-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தார். எடுசாட் 2010-இல் ஓய்வு பெற்றுவிட்டது. ஆயினும் அத்தகைய செயற்கைக்கோள் வழித் தொடர்பின் கணக்கு இன்றும் மாறவில்லை.

புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரு பொட்டலம் மேலே சென்று கீழே இறங்க 72,000 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். ஒளியின் வேகத்தில் சென்றாலும் இதற்குக் கால் வினாடி ஆகும். ஒப்புகை திரும்பி வர மேலும் கால் வினாடி. ஆக, போய் வருவதற்கு அரை வினாடி தேவைப்படுகிறது.

டி.சி.பி. நெறிமுறையில், ஒப்புகை பெறாமல் எவ்வளவு தகவலை அனுப்பி வைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதனைச் சாளரம் என்பர். தொடக்கத்தில் இச்சாளரத்தின் உச்ச அளவு 65,535 பைட்டுகளே. அரை வினாடிக்கு ஒருமுறை 65,535 பைட்டுகள் என்றால், வினாடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் பிட்டுகளுக்கு மேல் ஓர் இணைப்பில் செல்ல இயலாது. தடம் அதைவிடப் பத்து மடங்கு அகன்றிருந்தாலும் பயனில்லை. அதே சாளரத்துடன் திருவனந்தபுரத்திலிருந்து டில்லிக்குத் தரைவழி ஒளியிழையில் அனுப்பினால், போய்வரும் நேரம் 0.04 வினாடி என்று கொள்வோமாயின், வினாடிக்கு 130 லட்சம் பிட்டுகள் வரை செல்லக்கூடும். எண் ஒன்றே, தொலைவு வேறு, விளைவும் வேறு.

இக்குறையை நீக்கவே சாளரத்தைப் பெருக்கும் விரிவாக்க முறை வகுக்கப்பட்டது. 1992-இல் அது விரிவான வரையறையைப் பெற்றது. இன்றைய லினக்ஸ் கருநிரலில் அது இயல்பாகவே செயற்படுகிறது. ஆனால் பழைய குறிப்பு எதையோ பார்த்து, ‘வேகம் கூடும்’ என்ற நம்பிக்கையில் யாரேனும் அதனை நிறுத்தி வைத்திருப்பின், அல்லது தாங்கு நினைவகத்தின் அளவைச் சுருக்கியிருப்பின், அருகிலுள்ள தளங்கள் விரைவாகவும் தொலைவிலுள்ளவை மெதுவாகவும் வரும். இத்தகைய வேறுபாட்டைக் கண்டால் சாளர நிர்ணயத்தைப் பார்ப்பது நலம்.

உயிருள்ளது போல் தோன்றும் இணைப்பு

மெதுவாக வரும் தகவலைக் காட்டிலும் ஆபத்தானது வராத தகவல். அதனினும் ஆபத்தானது, வராதது நமக்குத் தெரியாமலிருப்பது. கடலோரத்தில் பணியாற்றுவோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, விழிஞ்ஞம், பூந்துறை, கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர்ப் பகுதி ஆகிய இடங்களின் மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பல குடும்பங்கள் தம்மவரை இழந்தன. அத்துயரத்திற்குக் கணிப்பொறியின் நிர்ணயங்கள் காரணம் என்பது இங்குக் கருத்தன்று. எச்சரிக்கை புறப்பட்டது என்பதும் போய்ச் சேர்ந்தது என்பதும் வெவ்வேறு செய்திகள் என்ற பாடத்தை அந்நாட்கள் நமக்குப் புகட்டின. 2019-இல் மீனவர்க்கென அறிமுகமான ‘ஜெமினி’ கருவி, ‘ககன்’ செயற்கைக்கோள் வழியே கரையிலிருந்து வெகு தொலைவிலும் எச்சரிக்கையைப் பெற்றுத் தருகிறது. எனினும் அது ஒருவழிக் கருவியாதலால், செய்தி சேர்ந்ததா என்று அனுப்பியவர் அதன் வழியே அறிய இயலாது.

கரையிலுள்ள கணிப்பொறிக்கு இருவழித் தொடர்பு உண்டு. ஆயினும் அங்கும் ஏமாற்றம் நேரக்கூடும். ஒரு கள நிலையக் கணிப்பொறி கைப்பேசி வலை வழியாகத் தலைமை நிலையத்துடன் இணைக்கப்பட்டு, அறிவிப்பு வரும்வரை பேசாமல் காத்திருப்பதாகக் கொள்வோம். இடையிலுள்ள ரூட்டரோ, கைப்பேசி வலையின் முகவரி மாற்றும் கருவியோ, நெடுநேரம் அமைதியாயிருக்கும் இணைப்பை முடிந்துவிட்டதாகக் கருதித் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடக் கூடும். இரு முனைகளுக்கும் இது தெரியாது. திரையில் ‘இணைக்கப்பட்டுள்ளது’ என்றே காணப்படும். அறிவிப்பு மட்டும் வந்து சேராது.

இதற்கெனக் கருநிரலில் ‘கீப்-அலைவ்’ என்ற ஏற்பாடு உள்ளது. அமைதியான இணைப்பில் சிறு பொட்டலம் ஒன்றை அனுப்பி, மறுமுனை இருக்கிறதா என்று வினவுவதே அதன் வேலை. லினக்ஸில் இதற்கு இயல்பாக நிர்ணயிக்கப்பட்ட காத்திருப்பு 7,200 வினாடிகள், அதாவது இரண்டு மணி நேரம். அதன் பின்னர் 75 வினாடிக்கு ஒருமுறையாக 9 தடவை வினவி, பதில் இல்லையெனில் இணைப்பு அறுந்ததாக முடிவு செய்யும். ஆக, இணைப்பு செத்துவிட்டது என்பதை அறிய இரண்டு மணி 11 நிமிடம் கடந்துவிடும். அலுவலகக் கோப்புகளுக்கு இது தீங்கற்றதாகலாம். கடல் எச்சரிக்கைக்கு ஒருபோதும் பொருந்தாது. இக்காத்திருப்பைச் சில நிமிடங்களாகக் குறைப்பது பயன் தரும்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயலி கேட்டுக் கொண்டாலன்றிக் கருநிரல் இச்சோதனையை மேற்கொள்வதில்லை. எனவே எண்ணை மாற்றியும் பயன் காணாவிடில், செயலியில் இவ்வசதி இயக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். மிக முக்கியமான செய்திகளுக்குச் செயலியே குறித்த இடைவெளியில் ‘நலமா?’ என்று கேட்டுப் பதில் பெறுவது இன்னும் உறுதியான முறையாகும்.

சிறியது செல்லும், பெரியது செல்லாது

மற்றொரு விந்தையான கோளாறு உண்டு. ‘பிங்’ சோதனை வெற்றி பெறுகிறது. தளத்தின் பெயர் தெரிகிறது. ஆனால் பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. சிறிய அஞ்சல் போகிறது, படத்துடன் கூடிய அஞ்சல் போவதில்லை.

ஈதர்நெட் கம்பியில் ஒரு பொட்டலம் 1,500 பைட்டுகள் வரை இருக்கலாம். அகண்ட அலைவரிசை இணைப்புகள் பலவற்றில் பயன்படும் ‘பி.பி.பி.ஓ.இ.’ முறை தன் தலைப்புக்காக 8 பைட்டுகளை எடுத்துக் கொள்வதால், எஞ்சுவது 1,492. இவ்வேறுபாட்டை வழியிலுள்ள ரூட்டர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால் கருநிரல் பொட்டலத்தைச் சுருக்கிக் கொள்ளும். ஆனால் பாதுகாப்புக் கருதி அவ்வகைச் செய்திகள் அனைத்தையும் தடுத்துவிடும் நிலையங்களும் உண்டு. அப்பொழுது பெரிய பொட்டலங்கள் யாதொரு தகவலுமின்றி மறைந்து போகின்றன.

இதனைக் கண்டறிவது எளிது. பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் ‘பிங்’ கட்டளையில் 1,472 பைட்டு அளவைக் கொடுத்துப் பார்க்கவும். தலைப்பின் 28 பைட்டுகளும் சேர்ந்து 1,500 ஆகும். அது செல்லாமல் 1,464 சென்றால், வழியின் எல்லை 1,492 என்பது தெளிவாகும். கணிப்பொறியின் வலை இடைமுகத்தில் அவ்வளவை நிர்ணயிக்கலாம்; அல்லது தகுந்த அளவைத் தானே தேடிக் கொள்ளும் டி.சி.பி. வசதியைக் கருநிரலில் இயக்கலாம். லினக்ஸில் இவ்வசதி இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்.

இரண்டு வழியுள்ள கணிப்பொறி

மடிக்கணிப்பொறி ஒன்றைப் பள்ளிக் கம்பியிலும் கைப்பேசியிலும் ஒருசேர இணைப்பது வழக்கமாகிவிட்டது. இந்நிலையில் ஒரு வழியே வந்த பொட்டலத்திற்கு மறு வழியே பதில் செல்ல வேண்டியிருக்கலாம். போலி முகவரியுடன் வரும் பொட்டலங்களைத் தடுப்பதற்காகக் கருநிரலில் ‘ஆர்.பி. ஃபில்டர்’ என்ற காவல் உள்ளது. அதன் மதிப்பு 1 ஆக இருந்தால், பதில் செல்லவிருக்கும் வழியிலன்றி வேறு வழியில் வந்த பொட்டலத்தைக் கருநிரல் வாய்திறவாமல் எறிந்துவிடும். மதிப்பு 2 ஆயின், அம்முகவரிக்கு ஏதேனும் ஒரு வழியிருந்தாலே போதுமென ஏற்கும். 0 ஆயின் இச்சோதனையே இல்லை. ஒரு கம்பியைக் கழற்றியவுடன் தொடர்பு சீர்படுமாயின், இக்காவலின் மீது ஐயங்கொள்ளலாம். அதனை முற்றிலும் நீக்குவதைவிட 2 என்ற மதிப்பைத் தருவது தக்கதாகும்.

கூட்டமும் வரிசையும்

பருவக்காற்றுக் காலத்தில் விழிஞ்ஞம் குடாவில் படகுகள் நெருங்கி நிற்பது போல, தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஒரு சர்வர் கணிப்பொறியின் முன் இணைப்புகள் குவிகின்றன. உள்ளே ஏற்கப்படும் வரை அவை நிற்கும் வரிசைக்கு ஓர் எல்லை உண்டு. லினக்ஸில் நெடுங்காலம் 128 ஆக இருந்த அவ்வெல்லை, 2019-இல் வெளியான 5.4-ஆம் பதிப்பு முதல் 4,096 ஆக உயர்த்தப்பட்டது. பள்ளியில் பழைய பதிப்புடன் இயங்கும் சர்வர் இருப்பின், மாணவர் யாவரும் ஒரே வேளையில் நுழையும்போது சிலர்க்கு மட்டும் இணைப்புக் கிட்டாமற் போக இது காரணமாகலாம்.

நெருப்புச்சுவராகவோ, பலருக்குப் பொதுவான ரூட்டராகவோ பணிபுரியும் லினக்ஸ் கணிப்பொறியில் இணைப்புகளின் பட்டியல் ஒன்று வைக்கப்படுகிறது. பட்டியல் நிரம்பினால் புதிய பொட்டலங்கள் கைவிடப்படும். கருநிரலின் நாட்குறிப்பில் ‘பட்டியல் நிரம்பிற்று, பொட்டலம் விடப்படுகிறது’ என்ற பொருளுடைய வரி தோன்றும். ‘டிமெஸ்க்’ என்ற கட்டளையால் அந்நாட்குறிப்பைப் படிக்கலாம். ஒருமுறை படித்தால் தீரும் ஐயத்திற்காக, பார்க்காமலே ஒரு நாள் முழுதும் கம்பிகளை மாற்றிக் கொண்டிருப்பவர் உண்டு.

நோயினும் கொடிய மருந்து

வலைத்தொடர்பை விரைவாக்கும் நிர்ணயங்கள் எனப் பல பட்டியல்கள் கைமாறி வருகின்றன. அவற்றை ஆராயாமல் எடுத்தாள்வதன் தீமைக்கு ஓர் உண்மைச் சான்று உண்டு. முடிந்த இணைப்புகளின் சுவடுகளை விரைவில் அகற்றுவதற்காக ‘டி.சி.பி. டைம்-வெயிட் ரீசைக்கிள்’ என்ற நிர்ணயம் லினக்ஸில் இருந்தது. சர்வரை நிர்வகித்தோர் பலர் அதனை இயக்கி வைத்தனர்.

அது இயங்கும்போது, ஒவ்வொரு முகவரியிலிருந்தும் கடைசியாக வந்த காலமுத்திரையைச் சர்வரின் கருநிரல் நினைவில் வைத்துக் கொள்ளும். அதற்கு முந்திய முத்திரையுடன் வரும் புதிய இணைப்பை ஏற்காது. ஒரு பள்ளியின் கணிப்பொறிகள் அனைத்தும் ஒரே ரூட்டரின் பின்னால் இருந்தால், வெளியுலகிற்கு அவை ஒரே முகவரியாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றின் காலமுத்திரையும் வேறு. விளைவு யாது? ஒரே அறையில் ஒரு மாணவருக்குப் பக்கம் திறக்கும். அடுத்த மாணவருக்குத் திறக்காது. சிறிது நேரத்தில் இது தலைகீழாகவும் மாறலாம். ஆசிரியர் தம் கணிப்பொறியையும், கம்பியையும், மாணவரையும் ஐயுறுவார். குறையோ, எங்கோ தொலைவிலுள்ள சர்வரில் ஓர் எண்ணாக அமர்ந்திருக்கும். 2017-இல் வெளியான லினக்ஸ் 4.12-ஆம் பதிப்பில் இந்நிர்ணயம் அடியோடு நீக்கப்பட்டது. எனினும் பழைய பட்டியல்களில் அது இன்றும் காணப்படலாம்.

எந்த நிர்ணயமும் தனியே நல்லதும் அன்று, தீயதும் அன்று. எந்தச் சூழ்நிலைக்கு அது வகுக்கப்பட்டதோ, அச்சூழ்நிலை நம்முடையதா என்று பார்த்த பின்னரே அதனைத் தொடுதல் வேண்டும்.

சோதிக்கும் முறை

இணைப்புக் கோளாறு நேரும்போது கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்றினால் காலமும் உழைப்பும் மிச்சமாகும்.

1. அறிகுறியை எழுதிக் கொள்ளவும். ஒரு கணிப்பொறியிலா, எல்லாவற்றிலுமா? ஒரு தளத்திற்கா, எல்லாத் தளங்களுக்குமா? எப்பொழுதுமா, சிறிது நேரம் அமைதியாயிருந்த பின்னரா?

2. கம்பி, விளக்கு, முகவரி, ரூட்டர் ஆகியவற்றைப் பார்க்கவும். கணிப்பொறியின் தேதி சரியாக உள்ளதா என்பதையும் கவனிக்கவும்; தேதி தவறினால் பாதுகாப்பான பக்கங்கள் திறக்க மறுக்கும்.

3. தளத்தின் பெயரால் முயன்ற பின், எண் முகவரியாலும் முயன்று பார்க்கவும். எண்ணால் சென்று பெயரால் செல்லாவிடில், குறை பெயரறியும் ஏற்பாட்டில் உள்ளது, கருநிரலில் அன்று.

4. சிறிய பொட்டலத்தையும் பெரிய பொட்டலத்தையும் தனித்தனியே அனுப்பி ஒப்பிடவும்.

5. கருநிரலின் நாட்குறிப்பைப் படிக்கவும். நிலுவையிலுள்ள இணைப்புகளை ‘எஸ்-எஸ்’ கட்டளையாலும், கைவிடப்பட்ட பொட்டலங்களின் எண்ணிக்கையை ‘என்-ஸ்டாட்’ கட்டளையாலும் அறியலாம்.

6. இப்பொழுதுள்ள நிர்ணயங்கள் அனைத்தையும் ஒரு கோப்பில் பதிந்து கொள்ளவும். ஒழுங்காக இயங்கும், அதே பதிப்புடைய மற்றொரு கணிப்பொறியின் நிர்ணயங்களுடன் ஒப்பிடவும். வேறுபடும் வரிகளே ஆராய்ச்சிக்கு உரியவை.

7. ஒரு வேளையில் ஒரே நிர்ணயத்தைத் தற்காலிகமாக மாற்றவும். கோப்பில் எழுதாமல் கட்டளையால் மட்டும் செய்த மாற்றம், கணிப்பொறியை மீண்டும் இயக்கியவுடன் மறைந்துவிடும். இது குறையன்று, சோதிப்பவர்க்கு அமைந்த பாதுகாப்பாகும். பயன் கண்ட பின்னரே நிலையான கோப்பில் சேர்த்து, தேதியையும் காரணத்தையும் அருகில் எழுதி வைக்கவும். பயன் இல்லையெனில் பழைய மதிப்பையே திரும்ப அமைக்கவும்.

தொலைவிலுள்ள நிலையத்தின் கணிப்பொறியை வலைவழியே திருத்துவோர்க்கு ஓர் எச்சரிக்கை. நீங்கள் மாற்றும் எண், நீங்கள் ஏறி நிற்கும் பாலத்தையே அகற்றிவிடக் கூடும். அந்நிலையத்தில் ஒருவர் கணிப்பொறியின் அருகே இருக்கும்போது மட்டும் இத்தகைய பணியை மேற்கொள்ள வேண்டும்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் இப்பொருளை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். அருகிலுள்ள ஒரு சர்வருக்கும் தொலைவிலுள்ள ஒரு சர்வருக்கும் ‘பிங்’ அனுப்பி, போய்வரும் நேரத்தைப் பத்து முறை குறித்து, சராசரி காணச் சொல்லவும். 65,535 பைட்டுகளை அந்நேரத்தால் வகுத்து 8-ஆல் பெருக்கினால், விரிவாக்கமில்லாத சாளரத்தில் ஓர் இணைப்பு எட்டக்கூடிய உச்ச வேகம் கிடைக்கும். நேரம் இரட்டிப்பானால் வேகம் பாதியாவதை மாணவர்கள் தாமே கண்டறிவர். ஒளியின் வேகமும், பூமியின் அளவும், தலைகீழ் விகிதமும் ஒரே பாடத்தில் இணைவது கணிதத்திற்கும் பௌதிகத்திற்கும் ஒருங்கே துணை செய்யும். இப்பயிற்சியில் எந்த நிர்ணயத்தையும் மாற்ற வேண்டிய தேவை இல்லாதலால் அச்சமின்றிச் செய்யலாம்.

கள நிலையங்களில் பணியாற்றுவோர் இன்னொன்றையும் செய்யலாம். அறிவிப்புகளைப் பெறும் கணிப்பொறியின் அருகே ஒரு குறிப்பேட்டை வைத்து, கடைசி அறிவிப்பு வந்த நேரத்தை நாள்தோறும் எழுதி வரவும். வானம் தெளிந்திருக்கும் நாட்களிலும் வலையின் கம்பியை ஒருமுறை கழற்றி, இணைப்பு அறுந்ததைக் கணிப்பொறி எத்தனை நிமிடத்தில் உணர்ந்து தெரிவிக்கிறது என்று அளந்து அதே ஏட்டில் பதியவும். பின்னர் கம்பியைச் செருகி, இணைப்புத் தானே மீளுகிறதா என்றும் பார்க்கவும். அளந்த நேரம் 15 நிமிடத்தைத் தாண்டினால், புயற்காலம் வரும் வரை காத்திராமல் அன்றே நிர்ணயங்களைத் திறந்து பார்த்தல் வேண்டும்.